உள்ளே ஆறு பேர்

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, வாசல் ஏட்டின்படி, கட்டடத்துக்குள் இருந்தவர்கள்:

பாதுகாப்பு மேற்பார்வையாளர். உடல்சூடு 97.6.

வாயிற்காவலர் நெட்டை. 97.6.

கூட்டித் துடைக்கும் அம்மா. 97.6.

மேலாளர். 97.6.

வேன் ஓட்டுநர். 97.6.

ஆக, ஐந்து பேர்.

வாசல் மேசையில் இருந்த கார்டு இயந்திரத்தின் திரை வேறு கணக்குச் சொன்னது. உள்ளே: 6.

மேற்பார்வையாளர் முதலில் ஏட்டைத்தான் பார்த்தாள். பார்த்ததும் எரிச்சல் வந்தது.

"என்ன நெட்டை, அஞ்சு பேருக்கும் ஒரே சூடா?"

"துப்பாக்கில பேட்டரி செத்துப்போச்சு மேடம். எல்லாம் நம்ம ஆளுங்கதானே. உயிரோட இருக்கறவனுக்கு அதுதான் சூடு."

"பதினாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் ஆபீஸ் திறக்குது. முதல் நாளே பொய்க் கணக்கா?"

நெட்டை தலையைச் சொறிந்தான். அவள் இழுப்பறையிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்துச் சூடு பார்க்கும் துப்பாக்கியில் போட்டாள். அப்புறம்தான் திரைப் பக்கம் திரும்பினாள்.

கார்டு இயந்திரம் பதினான்கு மாதம் துணி போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டுச் சனிக்கிழமைதான் எழுந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் உளறுகிறது என்று நினைத்தாள். இருந்தாலும் பட்டியலை ஓடவிட்டாள். ஐந்து பேர் கார்டும் வரிசையாக வந்தன. ஆறாவது வரி இப்படி இருந்தது:

0117. சரக்குக் கதவு. திங்கள் 5.52. உள்ளே.

வெளியே போன நேரம் இருக்க வேண்டிய கட்டம் காலி.

0117 யாருடைய கார்டு என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கார்டு அது. அவள் கணவனுடையது.

ஞாயிறு மாலை அந்த வீட்டில் நடந்த சண்டை நினைவிருக்கும். கணவன் அதே நிறுவனத்தில் தராசு மெக்கானிக். கிளைகளுக்குப் போய்ப் பெரிய தராசுகளைச் சோதித்துச் சரிசெய்து வருவது அவன் வேலை. பதினான்கு மாதத்துக்குப் பிறகு முதல் வெளியூர்ப் பயணம். ரயிலேற வேண்டுமானால் நோயில்லை என்ற சான்றிதழ் வேண்டும். 'சர்ட்டிபிகேட்டைக் காட்டுங்க' என்று அவள் கேட்டாள். 'போன்ல இருக்கு. நீ என்ன டிக்கெட் பரிசோதகரா?' என்று அவன் மாடிப்படியில் நின்றபடியே கத்தினான். உள்ளறையில் மாமியார் இருமினார். அந்த வீட்டில் மாமியார் இருமினால் பேச்சு நின்றுவிடும்.

மாமியாருக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். பதினான்கு மாதமாக மொத்த வீடும் அந்தப் பாதி நுரையீரலுக்குக் காவல் இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணவன் கீழே வரவேயில்லை. 'விடியக்காலையில கிளம்பணும், உங்க தூக்கம் கெடும்' என்று மாடியில் அவள் தம்பியின் அறையில் படுத்துக்கொண்டான். திங்கள் விடிகாலையில் தம்பி ஓட்டும் அலுவலக வேனில் ஏறிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பயணம் போனவர்கள் தினமும் காலை ஒன்பது மணிக்குள் பாதுகாப்பு மேசைக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது புது விதி. விதியை எழுதியதே அவள்தான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கணவனிடமிருந்து செய்தி வந்தது. மூன்றும் ஒரே மாதிரி: 'பாதுகாப்பாக இருக்கிறேன்.'

இப்போது அந்த மூன்று செய்திகளையும் திரும்ப எடுத்துப் படித்தாள். எங்கே இருக்கிறேன் என்று ஒன்றில்கூட இல்லை.

*

தம்பி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"மாமாவை ஸ்டேஷன்ல எத்தனை மணிக்கு விட்டே?"

"எந்த மாமாவை?"

"உனக்கு எத்தனை மாமா?"

"ஓ, திங்கக்கிழமையா? ஒரு ஆறு, ஆறேகால் இருக்கும்க்கா."

"எந்த வாசல்ல?"

"பெரிய வாசல்லதான்."

"பெரிய வாசலை மூடி மூணு மாசம் ஆச்சு. சர்ட்டிபிகேட் பாக்கறதுக்காகப் பின்பக்கமாத்தான் விடறாங்க."

"அதான்க்கா, பின்பக்கத்துல இருக்கற பெரிய வாசல்."

அவள் அவனையே பார்த்தாள். தம்பிக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே காது மடல் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். முகக்கவசத்தின் கயிறு மாட்டியிருந்த காது மடல் சிவந்துதான் இருந்தது. ஆனால் முகமும் சிவந்திருந்தது. காலை வெயில் என்று விட்டுவிட்டாள்.

"மாமாவோட கார்டு எங்க?"

"எங்கிட்டதான் குடுத்தாரு. இல்ல இல்ல, வீட்டுல வச்சிட்டுப் போனாரு."

"ரெண்டுல எது?"

"எங்கிட்ட குடுத்து வீட்டுல வைக்கச் சொன்னாரு."

"வச்சியா?"

"மணியாச்சுக்கா. ஆளுங்க காத்திட்டிருப்பாங்க. பன்னெண்டு பேரை ஏத்திட்டு வரணும்."

தப்பிக்கிற அவசரத்தில் வாசல் மேசைக்கு வந்து, கைக்கழுவும் மருந்தை இரண்டு அழுத்து அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டான். முகக்கவசத்தை இறக்கி உள்ளங்கையை மோந்து பார்த்தான்.

"என்ன நெட்டை, இதுல தண்ணியைக் கலந்துட்டாங்களா? வாசனையே இல்லையே."

"ஓசில கிடைக்கறதுக்கு வாசனை வேற வேணுமா உனக்கு? கிளம்பு கிளம்பு" என்றான் நெட்டை.

வேன் கிளம்பிப் போனது. பன்னிரண்டு இருக்கைக்கும் இடையில் புதிதாகப் பிளாஸ்டிக் திரை தொங்கியது. ஓட்டுநருக்குப் பின்னால் மட்டும் திரை பாதியில் கிழிந்து ஆடியது. அதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள். இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

*

அந்த நிறுவனத்து வாசலில் ஒரு வழக்கம் உண்டு. தராசு செய்கிற இடம் என்பதால், வெளியே போகும் எந்தப் பொருளும் தரைத்தராசில் ஏறி இறங்க வேண்டும். மேலாளரின் கைப்பையும் ஏறும், ஊழியரின் சாப்பாட்டு டப்பாவும் ஏறும். எடையை ஏட்டில் எழுதிய பிறகுதான் கதவு. முன்பு ஒருமுறை கணவனின் டப்பாவை அவள் மூன்று தடவை வைத்துப் பார்த்ததில் ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தான். அப்போது வைத்த பட்டப்பெயர்தான் 'இன்ஸ்பெக்டரம்மா'.

மெக்கானிக் வெளியூர் போனால் எடைக்கல் பெட்டி கூடப் போகும். எஃகுக் கற்கள் அடுக்கிய பெட்டி. எப்போது போனாலும் 26.400 கிலோ. அவளுக்கு மனப்பாடம்.

எடை ஏட்டைப் புரட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம், நெட்டையின் கோழிக் கிறுக்கலில்: எடைக்கல் பெட்டி, 9.600.

"நெட்டை, இங்க வா. இது என்ன?"

"பெட்டி எடை மேடம்."

"பெட்டி எடைதான். கல்லு எடை எங்க?"

நெட்டை குனிந்து பார்த்தான். நிமிரவே இல்லை.

"திறந்து பாத்தியா?"

"உங்க வீட்டுக்காரர் பெட்டியை நான் எப்படி மேடம் திறக்கறது? தராசு காட்டினதை எழுதினேன்."

அதாவது வெறும் பெட்டி. அவள் சோதனைக்கூடத்துக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். கற்கள் எல்லாம் அவற்றின் குழிகளில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. இருபது வருடமாகத் தராசோடு குடித்தனம் நடத்துகிறவன், வாசலில் தராசு இருப்பதை மறந்து போயிருக்கிறான். வீட்டில் அவள் கண்ணில் படுவதற்காக வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

கல் இல்லாமல் தராசு சோதிக்கப் போகிறவன் வேறு எதற்குப் போகிறான்?

அவள் மனம் முதலில் ஒரு பெண்ணிடம் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. பெண்டாட்டி காவல் காக்கிற கட்டடத்துக்கா ஒருத்தன் அதற்கு வருவான்? அவ்வளவு துணிச்சல் அவனுக்குக் கிடையாது.

அடுத்து மூன்றாவது மாடிக்குப் போனது. முப்பத்தாறு புது மடிக்கணினிகள் அங்கே பெட்டி பிரிக்காமல் இருந்தன. உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு வேன். ஆள் கணவன், வேன் தம்பி. கதவுச் சாவி யாரிடம்? அவளிடம். ஊர் கேட்டால் நம்பாமலா இருக்கும்? மாடியேறிப் போய் எண்ணினாள். முப்பத்தாறும் இருந்தன. சந்தோஷப்படக்கூட முடியவில்லை. திருட்டும் இல்லை என்றால் வேறு என்ன?

படியிறங்கும்போது மேலாளர் எதிரில் வந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடி ஆவி பிடித்திருந்தது.

"மேடம், பதினோரு மணிக்குச் சுகாதாரத்துலேர்ந்து ரெண்டு பேர் வராங்க. தனி ரூமோட சீலை அவங்க முன்னாடிதான் உடைக்கணும். சாவியோட ரெடியா இருங்க."

யாருக்காவது அலுவலகத்தில் காய்ச்சல் வந்தால் படுக்க வைக்கத் தரைத்தளத்தில் தயார் செய்த அறை அது. கட்டில், கழிப்பறை, மருந்துப் பெட்டி எல்லாம் வைத்து, சனிக்கிழமை காலையில் அவளே பூட்டி, பூட்டின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"சரி சார்."

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? தைரியமான ஆளு. அஞ்சு மெக்கானிக்ல மூணு பேரைத்தான் வச்சுக்கச் சொல்லியிருக்காங்க. பயணம்னதும் மத்தவங்க கையைப் பிசைஞ்சாங்க. இவர் ஒருத்தர்தான் கிளம்பறேன்னாரு. லிஸ்ட்ல முதல் பேரு அவர்தான்."

அவள் கதவு கதவாகப் பார்த்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தாள். தனி அறையின் காகிதம் கிழியவில்லை. கையெழுத்து அவளுடையதுதான். எப்போதும்போல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.

அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு உண்டு. முன்பு அது கிடங்கின் பாதியாக இருந்த காலத்துக் கதவு. கிடங்குப் பக்கம் ஒரு அலமாரி அதை மறைத்திருந்தது. சனிக்கிழமை அந்தக் கதவு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது வந்தது.

நேராகப் போய்த் திறந்திருக்கலாம். அவள் போகவில்லை. அங்கே அவன் இல்லாமல் வேறு யாராவது இருந்தால்? அவனே இருந்தால், அவனோடு வேறு யாராவது இருந்தால்? தெரிந்துகொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது.

*

எட்டு முப்பத்தைந்துக்கு வேன் வந்தது. பன்னிரண்டு பேரும் இறங்கி, ஒழுங்காக இடைவெளி விட்டு, சூடு காட்டி உள்ளே போனார்கள். பதினான்கு மாதம் பார்க்காத முகங்களில் பாதி இன்னும் மூடியே இருந்தது. ஒருவரை ஒருவர் கண்ணால் விசாரித்துக்கொண்டார்கள். தம்பி மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு மேசைக் கணினியில் செய்தி வந்தது. 'பாதுகாப்பாக இருக்கிறேன்.'

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்து நிழற்குடையில் நின்றாள். கட்டடத்து ஒலிபெருக்கி அங்கே கேட்காது. இன்று முதல், ஒன்பது மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை உள்ளே எல்லா இடத்திலும் ஓர் அறிவிப்பு ஒலிக்கும். நேற்று மாலை பதிவு செய்தது. கணவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு எண்ணை அழுத்தினாள்.

"சொல்லு" என்றான். அடைத்த குரல்.

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? கிளையிலதான். ஏன், மெசேஜ் வரலையா?"

"வந்துச்சு. சாப்பிட்டீங்களா?"

"பிரெட்டு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மாஸ்க் போட்டிருக்கேன்."

"அங்க மழையா, வெயிலா?"

"என்ன புதுசா வானிலை எல்லாம் கேக்கற? சுமாரா இருக்கு."

"சுமாரான வெயிலா, சுமாரான மழையா?"

"இன்ஸ்பெக்டரம்மா, எனக்கு வேலை இருக்கு. ஒரு தராசு நாலு கிலோ கூடக் காட்டுது. அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

"எடைக்கல்லு வச்சுப் பாத்தீங்களா?"

"எடைக்கல்லு இல்லாம எப்படிப் பாக்கறது?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பத்து நொடி.

"வச்சிராதீங்க. அத்தை உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன?"

அவன் காதோடு சேர்த்து அவள் காதிலும் விழுந்தது. மணி ஒலி, பிறகு ஒரு பெண் குரல். 'வணக்கம். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் அணியுங்கள். ஆறடி இடைவெளி விடுங்கள். உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு.'

அவள் குரல்தான். அவள் கட்டடம்தான். இணைப்பு அறுந்தது.

*

வேனின் கதவைத் திறந்து தம்பிக்குப் பக்கத்தில் ஏறப் போனவள், ஏதோ தோன்ற, வெளியிலேயே நின்றாள்.

"மாமா தனி ரூம்ல என்ன பண்றாரு?"

தம்பி திருதிருவென்று விழித்தான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"சத்தியம் வாங்கிட்டாருக்கா."

"என்ன பண்றாருன்னு கேட்டேன்."

"சனிக்கிழமை மத்தியானம் ரிசல்ட் வந்துச்சு. இருக்குன்னு வந்துச்சு."

"எது?"

"அதான்க்கா. அதுதான்."

அவளுக்கு ஒரு நொடி ஆறுதலாகக்கூட இருந்தது. பெண்ணில்லை, திருட்டில்லை. அடுத்த நொடி அந்த ஆறுதல் போன இடம் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபீசுக்குத் தகவல் வந்துரும், லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க, மூணுல ஒருத்தனா நிக்க முடியாதுன்னாரு. வீட்டுல அத்தை. எங்க போவாரு சொல்லு? திறப்பு அடுத்த வாரம்னுதானே சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்க இருந்துட்டு, ஊர்லேர்ந்து வர்ற மாதிரி வந்துருவேன்னாரு. கிளைக்கு, ஒரு வாரம் தள்ளி வரேன்னு அவரே சொல்லிட்டாரு. நாலு நாள் முன்னாடியே ஆபீசைத் திறப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

தம்பி தலையைத் தூக்கினான்.

"நீ ஏட்டுல எழுதிருவேன்னாரு."

அவள் வேன் கதவைச் சாத்தினாள்.

உடனே அவனோடு உள்ளே போயிருப்பாள். ஆனால் நெட்டை கூப்பிட்டான், அடுத்தடுத்துக் கார்களில் ஆட்கள் வந்தார்கள், மேலாளர் ஒரு படிவத்தைத் தொலைத்துவிட்டு அவளைத் தேடினார். கிடங்குக்குள் இருவரும் நுழையும்போது பத்தரை. தம்பி அலமாரியைத் தள்ளினான். பழகின கை. பின்பக்கக் கதவு தாழில்லாமல் இருந்தது.

கட்டிலில் கணவன் உட்கார்ந்திருந்தான். நான்கு நாள் தாடி. காலடியில் எடைக்கல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சட்டை, மாத்திரை, பிரெட்.

"உள்ள வராதே" என்றான். "அங்கேயே நில்லு."

"இதுல மட்டும் விதி தெரியுது."

"காய்ச்சல் விட்டுருச்சு. இருமல்தான் இருக்கு. அம்மா எப்படி இருக்கா?"

"நாலு நாளா எனக்கு மெசேஜ் அனுப்பினீங்களே, நாப்பது அடி தூரத்துலேர்ந்து. கை கூசலையா?"

"பாதுகாப்பா இருக்கேன்னுதானே அனுப்பினேன். அதுல பொய் இல்லையே."

"எங்கிட்ட சொல்லியிருந்தா?"

"எழுதியிருப்ப."

"ஆமா. எழுதியிருப்பேன்."

"அப்புறம் ஏன் கேக்கற?"

தம்பி நடுவில் புகுந்தான். "சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. மணி பத்து முப்பத்தஞ்சு. நான் வேனைச் சரக்குக் கதவுக்கு ரிவர்ஸ் எடுக்கறேன். மாமா பின்னாடி சீட்டுல படுத்துக்கட்டும். அக்கா, நீ ரூமை மருந்து போட்டுத் துடைச்சிரு. பதினோரு மணிக்கு அவங்க வந்து சீலை உடைச்சா, காலி ரூம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

நல்ல யோசனைதான். அதில் ஓட்டை எங்கே என்று தேடினாள். கிடைக்கவில்லை. கார்டுப் பதிவை இயந்திரக் கோளாறு என்று எழுதிவிடலாம். நெட்டை அவள் சொன்னால் எடையையும் திருத்துவான், 97.6 எழுதியவன்தானே. மூன்று பேரில் ஒருவனாகக் கணவன் நிற்பான். வீடு நிற்கும். இத்தனை நாள் அடுத்தவன் பையை மட்டும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தவளுக்கு, தன் பை என்று வந்ததும் கை எவ்வளவு சுலபமாகத் தயாராகிறது என்று வியப்பாக இருந்தது.

வாசல்படிக்குப் பக்கத்தில் இருந்த மருந்துப் பாட்டிலை எடுத்தாள். துணியில் ஊற்றினாள்.

முகக்கவசத்தைத் தாண்டி நெடி மூக்கைத் துளைத்தது. கண்ணில் நீர் வந்தது. வாசல் மேசையில் வைத்திருக்கும் அதே மருந்து, அதே பெட்டியில் வந்த பாட்டில்.

அவள் கை நின்றது.

"இங்க வா" என்றாள் தம்பியிடம். துணியை நீட்டினாள். "மோந்து பாரு."

"என்னக்கா, நேரமாகுது."

"பாருன்னு சொன்னேன்."

முகக்கவசத்தை இறக்கி மோந்தான். இன்னொரு தடவை மூச்சை இழுத்து மோந்தான்.

"காலையிலேயே சொன்னேனே. தண்ணிதான்."

கட்டிலில் இருந்தவன் மெதுவாக எழுந்தான். அவனுக்கு அங்கிருந்தே நெடி அடித்திருக்க வேண்டும்.

அவள் இடுப்பில் செருகியிருந்த சூட்டுத் துப்பாக்கியை எடுத்துத் தம்பியின் நெற்றிக்கு நேராகப் பிடித்தாள். புதுப் பேட்டரி. 100.8.

"வேன்ல வெயில்ல உக்காந்திருந்தேன்கா. அதான்."

"ரெண்டு ராத்திரி அவர் கூட ஒரே ரூம்ல படுத்திருந்தே. இன்னிக்குப் பன்னெண்டு பேரை ஏத்திட்டு வந்தே. உன் பின்னாடி சீட்டுத் திரை கிழிஞ்சிருக்கு." குரல் உயரவில்லை. பட்டியல் படிப்பதுபோல் சொன்னாள். "நான் அஞ்சரைக்கே கிளம்பிட்டேன். அத்தைக்கு மருந்து யார் குடுத்தா?"

தம்பி முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டான்.

"யார் குடுத்தா?"

"நான்தான். மாஸ்க் போட்டுட்டுத்தான் போனேன். மூச்சு வாங்குதுன்னாங்க. முதுகைத் தடவிக் குடுத்தேன். கொஞ்ச நேரம்தான்கா. ஒரு பத்து நிமிஷம்."

"நேத்து?"

"நேத்தும்."

அம்மாவுக்கு வந்துவிடக் கூடாது என்று நான்கு நாள் ஜன்னலில்லாத அறையில் கிடந்தவன், இரண்டு எட்டில் கதவருகே வந்துவிட்டான்.

"வழியை விடு. நான் வீட்டுக்குப் போறேன்."

"நீங்க போய்?"

"விடுன்னு சொல்றேன்ல."

"நீங்க போய் என்ன பண்ணுவீங்க? இன்னொரு பக்கம் நின்னு இருமுவீங்களா?"

தம்பியின் தோளில் கைவைத்தாள். தள்ளினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் உள்ளே இருந்தான், அவள் வெளியே இருந்தாள். சட்டைக் காலரில் இருந்த வாக்கிடாக்கியை அழுத்தினாள்.

"நெட்டை. வேன்ல வந்த பன்னெண்டு பேரையும் கீழ கூப்பிட்டு ஒரே ரூம்ல தள்ளித் தள்ளி உக்கார வை. மேலயும் போகக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது. மேலாளரை முன்பக்கம் வரச் சொல்லு."

"என்ன மேடம் ஆச்சு?"

"ஏட்டுல வேன் ஓட்டுநர் பேருக்கு நேரா இருக்கற சூட்டை அடிச்சிட்டு நூறு புள்ளி எட்டுன்னு எழுது. கீழ இன்னொரு வரி சேரு. ஆறாவது ஆள். தராசு மெக்கானிக். திங்கக்கிழமை அஞ்சு அம்பத்திரண்டு."

வாக்கிடாக்கியில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு நெட்டை, "எழுதிட்டேன் மேடம்" என்றான்.

கணவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னேனா இல்லையா என்கிற பார்வை. திட்டியிருந்தால் தேவலை.

போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி போனது. மாமியார் கட்டிலில் தலைமாட்டிலேயே போனை வைத்திருப்பார். இரண்டாவது மணியில் எடுத்து, 'யாரு, என்ன வேணும்?' என்று அதட்டுவார். நான்காவது மணி போனது. ஏழாவது போனது. பத்தாவது மணியில் தானாக அறுந்தது.

"எடுத்தாளா?" என்றான் கணவன்.

"எடுக்கலை."

"கதவை விடு!" என்று அவன் பாய்ந்தான்.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நாதாங்கியைப் போட்டாள். இடுப்பு வளையத்தில் தொங்கிய பூட்டைக் கழற்றி மாட்டி அமுக்கினாள். வழக்கம்போல் மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது முறை, உள்ளேயிருந்தும் யாரோ இழுத்தார்கள். பூட்டு பிடித்துக்கொண்டது.